நூற்று எண்பது கொடி

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை பத்து இருபது. தூறல் விட்டிருந்தது, மூட்டம் கலையவில்லை. கிராம அலுவலர் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரி மகளின் நர்சிங் படிப்புக்கு வருமானச் சான்றிதழ் கேட்டு மனுப் போட்டிருந்தாள். வரம்புக்குள் இருந்தால்தான் உதவித்தொகை. அது இல்லாமல் அந்தப் பெண்ணால் படிக்க முடியாது. இது எனக்குத் தெரியும். மனுவை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

எங்கள் ஊரில் முப்பத்து நான்கு வீடுகள். நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோது எல்லாமே மிளகுக் காடு வைத்து வேலை செய்பவர்களின் வீடுகள். இப்போது பதினேழுதான் அப்படி. ஐந்தை வெளியூர்க்காரர்கள் வாங்கிச் சுற்றுலா விடுதி ஆக்கிவிட்டார்கள். பன்னிரண்டில் அடிவாரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். முதன்முதலில் வாடகைக்கு விட்டவள் இந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான். என் சுவரை ஒட்டிய அறையில் நான்கு பேர், நான்கு கைப்பேசி, நான்கு பாட்டு. அந்தக் கோபம் எனக்கு இரண்டு வருடமாக இருந்தது.

"ஏனுங்க வாத்தியாரய்யா, அந்த ஊட்டுல என்னங்க வரும்படி?" என்றார் அலுவலர்.

வாடகை மாதம் மூவாயிரம். விடுதியில் அவள் துணி வெளுக்கும் சம்பளம் எட்டாயிரம். சொன்னேன்.

"மொளகு?"

"நூற்றி எண்பது கொடிங்க. கொடிக்கு ரெண்டு கிலோ காயும்."

கிலோ ஐந்நூற்று ஐம்பது என்று அவரே பெருக்கிக்கொண்டார். மொத்தம் மூன்று லட்சத்து முப்பதாயிரம். இரண்டரை லட்ச வரம்பைத் தாண்டிவிட்டது.

அந்த மிளகு அவளுடையது அல்ல. கணவனைச் சேலத்து மருத்துவமனையில் சேர்த்தபோது, மூன்று வருடக் காய்ப்பைக் கொடியோடு சோளக்காடு சந்தை வியாபாரிக்கு முன்பணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். எங்கள் பக்கம் அவசரத்துக்கு எல்லோரும் செய்வதுதான். பணம் தீர்ந்தது, அவனும் பிழைக்கவில்லை. அலுவலர் கொடி எத்தனை என்று கேட்டார், காய்ப்பு யாருக்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மனு தள்ளுபடியான அன்று அவள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்க மாமா, அந்தப் பத்திரத்துல சாட்சிக் கையெழுத்து நீங்க போட்டதுதானுங்களே?"

"அவரு கேட்டதுக்குத்தான் சொன்னேன், கண்ணு."

"ஆமாங்க. கேக்காதது எதையும் நீங்க சொல்லமாட்டீங்க."

மறுபடி மனுப் போடலாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். பத்திரம் வியாபாரியிடம் இருந்தது. அது கைக்கு வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அந்தப் பெண் இப்போது தாயோடு அதே விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றுகிறாள். சம்பளம் ஏழாயிரம். அந்த வீட்டு வருமானம் ஏறியிருக்கிறது.

தை பிறந்து என் மிளகு பழுத்தது. இங்கே ஒருவர் காட்டில் மற்றவர் பறித்துக் கொடுப்பார்கள், கூலி கிடையாது. ஏணி ஏற முடியாத நான் பதிலுக்கு ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்துவந்தேன். அந்த வருடம் மற்றப் பதினாறு வீட்டிலிருந்தும் ஒருவர்கூட வரவில்லை. "வாரமுங்க" என்றார்கள், அவ்வளவுதான். பழம் உதிரத் தொடங்கியது. எட்டாம் நாள், சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருக்கும் நால்வரிடம் போய் நின்றேன்.

"நாள் கூலி வேண்டாமுங்க," என்றான் மூத்தவன். "கொடிக்கு நூத்தி இருபது குடுங்க. கொடி எண்ணுறதுல ஐயா தப்பே பண்ணமாட்டீங்கன்னு ஊரே சொல்லுதுங்க."

மற்ற மூவரும் சிரித்தார்கள். குறைத்துக் கேட்டுப் பார்த்தேன். அவன் பாட்டைச் சத்தமாக வைத்தான்.

இருநூற்று நாற்பது கொடிக்குப் பறிகூலி இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு. சாப்பாடும் டீயும் இரண்டாயிரத்து எழுநூறு. ஏணி வாடகை நானூற்று ஐம்பது. ஆக, எனக்கு ஆன செலவு முப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.