கியர் பெட்டியைத் திறந்த நாள்

பழைய கார் ஒன்றின் கியர் பெட்டியால், என் பனியன் கம்பெனியில் நேர்மையாக உழைத்த ஒருவரின் வேலையும் பெயரும் போகவிருந்தன. உண்மையான காரணம் எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும் என்று பத்து நாட்கள் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நாட்களை இன்று நினைத்தாலும் வாய் கசக்கிறது.

இரண்டாயிரத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்தது. இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு என்னால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. டிரைவர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பின் இருக்கையில் நோயாளியைப் போலச் சாய்ந்து போக எனக்குச் சம்மதமில்லை. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெளிநாட்டு வர்த்தகரிடமிருந்து, கிளட்ச் மிதியே இல்லாத, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் பழைய காரை வாங்கினேன். திருப்பூரில் அப்போது அத்தகைய கார்கள் அரிது. "ஏனுங்க, இதுல கியரே போட வேண்டாமுங்களா?" என்று கல்யாண மண்டப வாசல்களில் கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

மூன்றாம் ஆண்டில் கார் முரண்டு பிடித்தது. காலையில் கியர்த் தண்டை நகர்த்தினால் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் குலுங்கிக் கிளம்பும். நிறுத்திய இடத்தில் எண்ணெய் சொட்டியிருந்தது. கியர் பெட்டியில் எண்ணெய் குறைந்துவிட்டது, நிரப்பினால் சரியாகும் என்று நானே முடிவு செய்தேன். அதுவரை என் முடிவில் பிழையில்லை.

எங்கள் ஊரில் கீச்சிடும் எதற்கும் மருந்து நிட்டிங் ஆயில். பனியன் துணி பின்னும் மெஷின்களின் ஊசிகளுக்கு விடும் எண்ணெய் அது. தண்ணீரைப் போலத் தெளிந்திருக்கும். துணியில் பட்டாலும் அலசினால் போய்விடும். கேட்டின் கீல், மின்விசிறி, சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் அதையே விடுவோம். ஆயிரக்கணக்கான ஊசிகளை நாள் முழுவதும் தேயாமல் காப்பது, ஒரு காரின் பற்சக்கரங்களைக் காக்காதா என்று நினைத்தேன். பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவனின் தர்க்கம்.

நிட்டிங் கூடத்தின் வாசலில் காரை நிறுத்தி, மெஷின் ஃபிட்டரை அழைத்து நிட்டிங் ஆயிலை ஊற்றச் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பதைக் கடந்தவர், எட்டு ஆண்டுகளாக எங்களிடம் இருந்தவர். கேனைக் கையில் பிடித்தபடி தயங்கினார்.

"மொதலாளி, கார் கியருக்குன்னு தனி ஆயில் உண்டுல்லா? கடையில ஒரு வார்த்தை கேட்டுட்டு ஊத்துவமா?"

"நான் சொல்றனல்லங்க? ஊத்துங்க."

ஊற்றினார்.

இரண்டு வாரம் ஓடிய கார், பொங்கலூரில் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது மண்டபத்தின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. என்ஜின் அலறியது, சக்கரம் அசையவில்லை. கருகிய எண்ணெயின் நாற்றத்தில் பட்டுச் சேலைக்காரர்கள் மூக்கைப் பொத்தினர். ஆறேழு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தனர்.

"தள்ளுனா புடிச்சுக்குமுங்க!"

"இது தள்ளி ஸ்டார்ட் பண்ற வண்டி இல்லீங்க. என்ஜின் ஓடிட்டுத்தான் இருக்குது" என்றேன்.

"அப்புறம் எதுக்குங்க நிக்குது?"

கூட்டத்தில் ஒரு குரல்: "கியரே போட வேண்டாம்னாங்கல்ல? சேரி, ஓடவும் வேண்டாம்னு வண்டி நின்னுக்குச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் கடன்பட்டதுபோல் மரியாதை காட்டுபவர்களும் சிரித்தார்கள்.

திருப்பூரில் பார்த்த முதல் மெக்கானிக், பானட்டைத் திறக்காமலே, "கிளட்ச் பிளேட் போச்சுங்க" என்றார். கிளட்ச் மிதி எங்கே என்று கேட்டேன். குனிந்து தேடினார். இரண்டாமவர் என்ஜினையே பிரிக்க வேண்டும் என்றார். இவர்களிடம் ஒரு சைக்கிளைக்கூட ஒப்படைக்கலாகாது என்ற வெறுப்புடன், காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போனேன். கம்பெனியில் என் பங்குதாரரான மைத்துனரும் உடன் வந்தார்.

அங்கிருந்த மெக்கானிக் முதலில் எதையும் தொடவில்லை, கேள்விகள் கேட்டார். குளிர்ந்திருக்கும்போது நழுவுகிறதா, சூடேறிய பிறகா? பின்பக்கம் நகர்கிறதா? பிறகு என்ஜினை ஓடவிட்டு, சூடேறும்வரை காத்திருந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக் கம்பியை உருவி வெள்ளைப் பனியன் துணிக் கழிவில் துடைத்தார்.

"இந்த ஆயில் நல்ல செவப்பா இருக்கோணுங்க. இதைப் பாருங்க."

பழுப்பாக, நுரைத்துப்போயிருந்தது. முகர்ந்து பார்க்க நீட்டினார். தலையைத் திருப்பிக்கொண்டேன். அழுத்தமானியை மாட்டினார், அதன் முள் பாதிவரை ஏறி நடுங்கியது. அடித்தட்டைக் கழற்றியபோது, கரியைக் குழைத்தது போன்ற சேறு. அதிலிருந்த காந்தத்தில் இரும்புத் துகள்கள் முள்முள்ளாக ஒட்டியிருந்தன. பெட்டிக்குள் கிளட்ச் தகடுகள் அடுக்கடுக்காக உண்டாம், அவையெல்லாம் கருகிவிட்டனவாம். மிதியைத் தேடிக் குனிந்தவர் சொன்னது சரியாகிவிட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மெக்கானிக் குழாயடியில் கை கழுவினார். எண்ணெய் பாலாக வெளுத்து வழிந்தது.

"இதென்னங்க, சோப்பே போடாம போவுது? காரு ஆயில் இப்படிப் போவாதுங்களே. என்னத்தை ஊத்துனீங்க?"

திருப்பூர்க்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மைத்துனர் என்னைப் பார்த்தார். "நிட்டிங் ஆயிலு! நம்ம ஃபிட்டரு ஊத்துனதுங்களா மாமா?"

"ஆமாம்" என்றேன்.

பொய்யில்லை, ஊற்றியவர் அவர்தான். அந்தச் சேற்றின் நாற்றத்தைவிட, அந்த ஒரு சொல்லை நான் அளந்து எடுத்த விதம்தான் இன்று அதிக அருவருப்பைத் தருகிறது.

மறுநாள் மைத்துனர் கூடத்தில் வைத்தே ஃபிட்டரிடம் சொன்னார்: "மாமா வண்டியையே கெடுத்துப்போட்டீங்க. மாசக் கடைசியோட நின்னுக்கோங்க." ஃபிட்டர் என்னைப் பார்த்தார். நான் ஆர்டர் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியும் மனதில் ஏறவில்லை. உறவினர்கள் வந்து, "வெவரமில்லாத ஆளு கையில குடுத்தா இப்படித்தானுங்க" என்று ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு, அவர்களுக்குக் காபியும் கொடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடலாமே என்று ஒவ்வொரு காலையும் நினைப்பேன், பொங்கலூர்ச் சிரிப்பு காதில் விழும், அடங்கிவிடுவேன்.

பத்தாம் நாள் முதலிபாளையத்தில் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"உங்க ஃபிட்டரு நேத்து வேலை கேட்டு வந்தாருங்க. கார்ல என்னத்தையோ ஊத்திக் கெடுத்தவர்னு சொல்றாங்களே. ஆளை நம்பலாமுங்களா?"

ஊர் முழுக்கப் போய்விட்டது அந்தப் பெயர். இனி எந்த வாசலிலும் அவருக்கு முன்னால் அது போய் நிற்கும்.

"நம்பலாமுங்க. ஊத்தச் சொன்னது நானுங்க. அவர் கடையில கேட்டுட்டு ஊத்தலாம்னுதான் சொன்னாரு."

"அட, நீங்களுங்களா?" என்று மறுமுனையில் ஒரு சிரிப்பு. நான் அஞ்சிய அதே சிரிப்பு. பெரிதாக வலிக்கவில்லை என்பது எனக்கே வியப்பு.

அந்தக் கையோடு கூடத்துக்குப் போய் மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். இரைச்சல் அடங்கியதும், மைத்துனர் முன்னிலையில், தொலைபேசியில் சொன்னதையே அனைவரிடமும் சொன்னேன். யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"தெரியும் மொதலாளி" என்றார் ஃபிட்டர். "வாசல்ல வச்சுத்தான ஊத்தச் சொன்னிய? எல்லாரும் பாத்தாவ."

"அப்புறம் ஏனுங்க யாரும் சொல்லலை?"

"நீங்க சொல்லுவியளான்னுதான் பாத்துட்டு இருந்தோம்."

பத்து நாளும் அந்தக் கூடம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் நான் நுழையும்போது வணக்கம் சொல்லியபடியே பார்த்திருக்கிறது.

மைத்துனர் மன்னிப்புக் கேட்டு அவரை இருக்கச் சொன்னார். நானும் கேட்டேன்.

"முதலிபாளையத்துக்காரவுக கூப்பிட்டா வாரேன்னு நேத்தே வாக்குக் குடுத்தேன் மொதலாளி. போவலன்னா நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டு, மெஷினை ஓடவிட்டார். உண்மையைச் சொல்லப் பத்து நாள் எடுத்துக்கொண்டவன், வாக்கைப் பற்றி அவரிடம் எப்படி வாதாடுவது?