ஓவிட் தன் படகின் வாயை அடைத்த கதை

லூசியானாவின் வெர்மில்யன் சதுப்பில் ஓவிட் ட்ரஹான் வருவதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. காதால்தான் தெரியும். அவனுடைய அலுமினியப் படகு சின்னது, அடி தட்டை, தகடு மெலிசு. ஓர் அலை அடியில் புகுந்தால் போதும், தகடு உள்ளே ஒடுங்கி மறுபடி வெளியே துள்ளும். பிஸ்கட் டப்பா மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டால் வருமே, அந்தச் சத்தம். டொப். நாணல் மறைவுக்குள் இரண்டு படகைச் செருகி, படகுக்கு இரண்டு பேராக அதிலேயே துப்பாக்கியோடு உட்காருவது அங்கே வழக்கம். தண்ணீரில் பொம்மை வாத்துகள் மிதக்கும். மேலே நிஜ வாத்துகள் சிறகை விறைத்துக்கொண்டு இறங்கி வரும். அந்த நேரம் பார்த்து ஓவிட்டுக்குக் கால் மரத்துப் போகும். காலை மெல்ல மாற்றி வைப்பான். டொப். வாத்துகள் வந்த வழியே மேலேறிப் போய்விடும்.

"டப்பா பேசிடுச்சுப்பா, கிளம்பலாம்" என்பான் எவனாவது. எல்லோரும் சிரிப்பார்கள். ஓவிட்டும் சிரிப்பான். வேறென்ன செய்வான்?

பள்ளிக்கூட பஸ் ஓட்டியே தலை நரைத்தவன் அவன். பின்னால் உட்கார்ந்து கூத்தடிக்கும் பிள்ளைகளை ஒருநாளும் அதட்டியதில்லை. அவனுக்குக் குறியும் சரியாக வராது. வேட்டைக்காரர்கள் தங்கும் கேம்ப் வீட்டில் அவன் வேலை சோறு வடிப்பது, கம்போ குழம்பு வைத்த பெரிய பாத்திரத்தைக் கழுவுவது, பிறகு மனைவி யூனா கொடுத்தனுப்பிய அத்திப்பழக் கேக்கைத் துண்டு போடுவது. வேட்டைக் குத்தகை யூனாவின் அண்ணன் எல்ரே பெயரில் இருந்தது. கேம்ப்பும் அவன் கட்டியது. யார் எந்த மறைவில் உட்காருவது என்று அவன் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. எல்ரே எப்போதும் ஓவிட்டை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவான். அந்தக் கேம்ப்பில் ஓவிட்டுக்கு இருந்த பிடிமானம் அந்த ஒரு சொல்தான். அது அவனுக்கும் தெரியும்.

படகைச் சரிசெய்ய வேண்டும் என்று அவன் முன்பே ஒருமுறை நினைத்ததுண்டு. யூனாதான் தடுத்தாள். அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே கால்வாய். வளைவில் பெரிய இறால் படகுகள் கிளப்பிவிட்டுப் போகும் அலையில் ஓவிட்டின் படகு டொப் டொப் என்று அடித்துக்கொண்டு திரும்பும்போது அவள் அடுப்பில் காப்பியை ஏற்றிவிடுவாள். அவன் பூட்ஸைக் கழற்றி உள்ளே வரும்போது காப்பி தயாராக இருக்கும்.

"அதை விடு. அந்தச் சத்தம் இல்லேன்னா நீ வர்றது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"நான்தான் வந்து நிப்பேனே."

"வந்து நின்னப்புறம் காப்பி போட்டா, போடுற வரைக்கும் உன் மூஞ்சியைல்ல பார்த்துட்டு இருக்கணும்."

குளிர்காலம் முடியும் முன்பே அவளுக்கு உடம்பு கெட்டது. ஈஸ்டருக்கு அவள் இல்லை.

கல்லறையில் எல்ரே அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். அது பொய் அழுகை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கடுத்து மாதாகோவில் வாசலில் பார்த்தபோது "என்ன ஓவிட், எப்படி இருக்கே?" என்று கேட்டான். ஓவிட். மாப்ள இல்லை. வாய் தவறியிருக்கும் என்று ஓவிட் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மறுபடி பார்த்தபோதும் அதே வாய் அப்படியே தவறியது.

கோடை தொடங்கும் முன் ஓவிட்டே கேட்டான். "இந்த சீசனுக்கு நான் எந்த மறைவுல, மச்சான்?"

எல்ரே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "உன் படகுதான்ப்பா பிரச்சினை. போன வருஷம் எத்தனை வாத்து போச்சு. முதல்ல அதைச் சரி பண்ணு. அப்புறம் பார்க்கலாம்."

அந்த ஊரில் யாரும் வாயைத் திறந்து "வராதே" என்று சொல்ல மாட்டார்கள். வீட்டு வாசலில் நிற்பவனை உள்ளே வா என்பார்கள், சாப்பிட்டுப் போ என்பார்கள், இடமில்லை என்று மட்டும் சொல்லத் தெரியாது. அதற்குப் பதிலாக இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். கேட்டவன் புரிந்துகொண்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஊரில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் இது பழக்கம். ஓவிட்டும் அங்கேதான் பிறந்து வளர்ந்தான். ஆனாலும் அந்தப் பேச்சை அப்படியே நம்பினான். நம்பாவிட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது ஒரு காரணம்.

அன்றே படகைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டான்.

முதலில் உள்ளே பிளைவுட் பலகையைத் திருகி இறுக்கினான். சத்தம் நிற்கவில்லை, மேளமாகிவிட்டது. பலகையைப் பிடுங்கி எறிந்தான். படகின் அடியில் குறுக்குச் சட்டங்கள் உண்டு, ஆனால் ஒன்றுக்கொன்று எட்ட எட்ட இருந்தன. நடுவே தகட்டைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நீளவாக்கில் அலுமினியச் சட்டங்களைக் கொடுத்துக் குறுக்குச் சட்டங்களோடு கட்டினால் அடங்கும் என்று புரிந்துகொள்ளவே அவனுக்குப் பல நாள் பிடித்தது. புரிந்ததும் சிக்கனம் பார்த்துப் பின்பாதிக்கு மட்டும் சட்டம் கொடுத்தான். சத்தம் முன்பாதிக்குக் குடிபோனது. சட்டம் எங்கே முடிகிறதோ அங்கே தகடு முன்னிலும் மோசமாகத் துள்ளியது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, முனையிலிருந்து முனைவரை முழு நீளச் சட்டமாகப் போட்டான்.

சட்டத்தைத் தகட்டோடு இறுக்கும் ரிவெட் ஆணி அடிப்பது இரண்டு ஆள் வேலை. வெளியே ஒருவன் சுத்தியலால் அடிக்க, உள்ளே ஒருவன் இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். "சனிக்கிழமை வந்து பிடிக்கிறேன்" என்றான் எல்ரே. அந்தச் சனிக்கிழமையும் வந்தது, அடுத்த சனிக்கிழமையும் வந்தது. எல்ரே வரவில்லை. ஓவிட் கார் ஜாக்கியை எடுத்துவந்தான். கவிழ்ந்த படகுக்கு அடியில் தவழ்ந்து போய், ஜாக்கியால் இரும்புக் கட்டியைத் தூக்கி ஆணிக்கு முட்டுக்கொடுத்தான். தவழ்ந்து வெளியே வந்து அடித்தான். மறுபடி அடியில் போய் ஜாக்கியை நகர்த்தினான். லூசியானா கோடையில், கொசு பிடுங்க, ஒவ்வொரு ஆணிக்கும் இதே கதை. ராத்திரி முழங்கால் வீங்கிப் படுக்க முடியாது. ஆனால் அந்தக் கோடை முழுக்க அவன் சந்தோஷமாக இருந்தான். சீசன் தொடங்கும்போது மறைவுக்குள் சத்தமில்லாமல் படகைச் செருகுவதையும், எல்ரே திரும்பிப் பார்ப்பதையும் நினைத்துக்கொண்டே அடித்தான்.

சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை எல்ரேயின் வண்டி வாசலில் வந்து நின்றது. கூட பிரெண்ட் என்ற பெயருள்ள ஒருவன், லஃபாயெத் நகரத்தில் கார் விற்பவன். புது உடை, புது பூட்ஸ், சேறே காணாத பூட்ஸ்.

"மாப்ள" என்றான் எல்ரே. "வேலையை முடிச்சிட்டியாமே?"

மாப்ள. ஓவிட் இருவரையும் கொல்லைக்கு அழைத்துப் போனான். கையைத் துடைத்துக்கொண்டு, நிமிர்த்தி வைத்திருந்த படகைக் காட்டினான். எல்ரே ஏறி நின்று குதித்தான். முனைக்குப் போய்க் குதித்தான். பிரெண்டையும் ஏறச் சொன்னான். ஒரு சத்தம் இல்லை.

"கல்லு மாதிரி நிக்குதே. எவன்டா செஞ்சான் இதை?"

"நான்தான்."

"தனியாவா?"

"நீ வர்றேன்னு சொன்னே. வரலை."

எல்ரே அதைக் காதில் வாங்காதது போலச் சிரித்தான்.

"காலைல எப்போ கிளம்பணும் மச்சான்?" என்றான் ஓவிட். "சோத்துக்கு அரிசி நான் கொண்டாறேன்."

எல்ரே பிரெண்டைப் பார்த்தான். பிரெண்ட் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"இல்ல மாப்ள. வடக்குக் காத்து தண்ணியெல்லாம் கடல் பக்கம் தள்ளிடுச்சு. பிரெண்டோட படகு பெருசு, மறைவுக்குப் போற வாய்க்கால்ல தரை தட்டும். உன்னுது ஏறிடும். அதான், படகை மட்டும் குடுத்தேன்னா..."

"நான்?"

"மறைவுல நாலு பேருக்குத்தானே இடம்."

"போன வருஷமும் நாலு பேருக்குத்தான் இருந்துச்சு."

"அது, அந்தச் சத்தம்..."

"சத்தம் எங்கே இருக்கு? இப்பதானே குதிச்சுப் பார்த்தே."

எல்ரே தொப்பியைக் கழற்றினான். இந்தத் தடவை தலையைச் சொறியவில்லை. "யூனா இருந்தா அது வேற. நீயே சொல்லு, எல்லாத்தையும் நான் வாய்விட்டுச் சொல்லணுமா?"

கோடை முழுவதும் முழங்காலில் தவழ்ந்தது எதற்கு என்று ஓவிட்டுக்கு அப்போது விளங்கியது. அத்தனை வருஷம் கேம்ப்புக்கு வேண்டியிருந்தது அத்திப்பழக் கேக். அதைச் சுமந்துகொண்டு வந்தவனுக்கு ஓர் ஓரத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்வதற்குப் பதிலாக அவன் படகின் மேல் பழியைப் போட்டார்கள். வாயில்லாத படகு, பழியை வாங்கிக்கொண்டது.

"படகு நாளைக்கு எனக்கு வேணும்" என்றான்.

"எங்கே போகப் போறே, தனியா?"

"எங்கேயோ போறேன். உனக்குக் கேக்காது."

எல்ரேயின் முகம் சிவந்தது. பிரெண்டோடு வண்டியில் ஏறினான். வாழ்க்கையில் ஓவிட் ஒருவனிடம் முகத்தில் அடித்தாற்போலப் பேசியது அந்த ஒருமுறைதான். பேசிய பிறகு அவனுக்கு எந்த நிம்மதியும் வரவில்லை. உள்ளே போய், கழுவி எடுத்து வைத்திருந்த அரிசிப் பாத்திரத்தைத் திரும்ப அலமாரியில் வைத்தான்.

மறுநாள் விடியலில் யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சதுப்புக்குப் போனான். நாணலுக்குள் படகைச் செருகினான். வாத்துகள் வந்தன. தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, பயமே இல்லாமல், துடுப்பு எட்டும் தூரத்தில் இறங்கி நீந்தின. அத்தனை வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் அவை வந்ததில்லை. எல்ரேயின் குத்தகைப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, அதன்பின் சிரிப்பு. எப்படியோ வேறு படகு கிடைத்துவிட்டது போலும். ஓவிட் துப்பாக்கியை எடுக்கவில்லை. சுட்டால் காட்டுவதற்கு ஆள் வேண்டும்.

வெயில் ஏறும்போது வீட்டுக்குத் திரும்பினான். வளைவில் ஓர் இறால் படகு எதிரே கடந்து போனது. அதன் அலைகள் வரிசையாக வந்து அடியில் புகுந்தன. பழக்கத்தில் அவன் தலை ஜன்னல் பக்கம் நிமிர்ந்தது. படகு ஒரு சத்தமும் போடாமல் அலைகளை வாங்கிக்கொண்டது. ஜன்னல் சாத்தியிருந்தது.

எஞ்சினை அணைத்தான். தகடு வழக்கமாகத் துள்ளும் இடத்தில் குதிகாலால் அழுத்தினான். ஒன்றுமில்லை. எழுந்து நின்று மிதித்தான். பிறகு இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, அந்த டொப் ஒரே ஒருமுறை கேட்டுவிடாதா என்று ஓங்கி ஓங்கி மிதித்தான்.

அவன் செய்த வேலை நல்ல வேலை. குதிகால்தான் வலித்தது.