கடல்மணி என்ற முகவரி காலாவதியான கதை

தந்தி அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்தவன், ஊரார் செய்யும் தவறுக்கெல்லாம் வசவு வாங்கப் பிறந்தவன். உலகில் நிலவும் மூடநம்பிக்கைகளில் மிகக் கொடியது, சுருக்கத் தந்தி முகவரி ஒன்றைப் பதிவு செய்துவிட்டால் அது பரம்பரைச் சொத்து என்பது. இல்லை ஐயா. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கெடு தாண்டினால் மறுநாள் காலை யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுவோம். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து வயிறெரிந்தவர்களுக்கு இது புரியும்.

முதல் ஆள்

பெரிய மார்க்கெட்டில் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்த அஞ்சலையம்மாளின் தந்தி முகவரி 'கடல்மணி'. 'கடல்மணி, பாண்டிச்சேரி' என்று இரண்டே சொல் போட்டால் சேலத்திலிருந்து வரும் ஆர்டர் நேராக அவர் கடைக்குப் போகும். அவர் இரண்டு கடை தள்ளி இடம் மாறினார், எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. பழைய கடைக்கு வந்தவர் ராஜவேலு. அவருக்கும் கருவாடுதான்.

கெடு முடிந்த மறுநாள், கதவு திறந்ததும் ராஜவேலு நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். புதுப்பிக்கச் சொல்லி அஞ்சலையம்மாளுக்கு நாங்கள் பழைய கடைக்கு அனுப்பிய அதே கடிதம்! அதை நான் அவர் முகத்தில் வீசியிருக்க வேண்டும். விதி தெரிந்த மேதாவி, 'கடல்மணி'யை அவர் பெயரில் பதிந்து முத்திரை குத்தினேன். "அந்தம்மா தூங்குனா நான் என்னா சார் பண்றது? நாளு முடிஞ்சிச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்று முதலிலேயே மடக்கிவிட்டார்.

பஸ் சீட்டு

பத்து நாள் ஆர்டரே வராததால் அஞ்சலையம்மாள் வந்தார். விஷயத்தைச் சொல்லி, விதியையும் உட்பிரிவு சகிதம் வாசித்துக் காட்டினேன். நியாயமாக என்னை அங்கேயே செருப்பால் அடித்திருக்கலாம். "பதிமூணு வருசமா என் பேரு சார் அது. துண்டு போட்டு எடம் புடிக்க இது என்னா பஸ் சீட்டா?" என்று மட்டும் கேட்டார்.

தராசுக்கு அடியில்

முகவரி மாறிவிட்டது என்று வெளியூர் வியாபாரிகள் அத்தனை பேருக்கும் கார்டு எழுதிப் போட்டார். காரைக்காலில் இருக்கும் சொந்தத் தம்பிக்கு எழுதத் தோன்றவில்லை. தந்தியில் முகவரிக்கும் சொல் கணக்கில் காசு உண்டு. சிக்கனத்துக்காகக் குடும்பத்துச் சேதியையும் கடை முகவரிக்கே அடிப்பது இங்கே வழக்கம். தம்பியும் அப்படியே 'கடல்மணி'க்கு அடித்தார்: 'அப்பா கவலைக்கிடம், உடனே வா.'

ஒரு வாரம் கழித்து அஞ்சலையம்மாள் வந்து, அந்தத் தந்தி என்றைக்கு வந்தது என்று கேட்டார். பதிவேட்டைப் புரட்டினேன். தந்தி வந்த அன்றே ராஜவேலு கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பெரியவர் உயிர் போயிருக்கிறது. மகள் போய்ச் சேர்ந்தது எல்லாம் முடிந்த பிறகு.

கொதித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். ராஜவேலு தராசுக்கு அடியிலிருந்து தந்தியை உருவிக் கொடுத்தார். ஈரத்தில் ஊறியிருந்தது. "ரெண்டு கடை தள்ளித்தானேய்யா இருக்காங்க!" என்று கத்தினேன். நெத்திலியை அள்ளிப் போட்டபடி சொன்னார்: "அந்தப் பக்கம் போனா குடுக்கலாம்னுதான் சார் வெச்சிருந்தேன்."

இப்போது காரைக்காலிலிருந்து அஞ்சலையம்மாளுக்கு வரும் தந்திகளில் முகவரி மட்டுமே பதினோரு சொல்.