நான் உறங்கிய மதியங்கள்

எனக்கு வந்த பதவி உயர்வை நானே வேண்டாமென்று சொன்னேன். அது இன்னும் வரவில்லை என்று என் மனைவியிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி அவள் தனக்கு வந்த பதவியை விட்டுக்கொடுத்தாள். இதுதான் என் குற்றம். சுற்றி வளைத்துப் பேசும் யோக்கியதை எனக்கில்லை.

ஏன் வேண்டாமென்றாய் என்று கேட்பீர்கள். ஏதோ கொள்கை, வைராக்கியம், பிரெஞ்சுக்காரன் போனபின் வந்த புது ஆட்சியின்மேல் கோபம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள்… மதியத் தூக்கத்துக்காக! ஆம், வயிறு நிறைய உண்டபின் பாயில் கிடக்கும் அந்தச் சுகத்துக்காக.

புதுச்சேரித் துறைமுக அலுவலகத்தில் நான் எழுத்தர். கப்பல் வந்து தூரத்தில் நங்கூரம் போட்டால் வேலை. படகுகள் சரக்கை இறக்கி முடிக்கும்வரை ஓட்டம். கப்பல் இல்லாத நாட்களில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே உத்தியோகம். வெயில் ஏறியதும் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், சாப்பிட்டுத் தூங்கி, மூன்று மணிக்குத் திரும்புவோம். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன வழக்கம் அது. மாலையில் பெத்தாங் என்று நாங்கள் சொல்லும் இரும்புக் குண்டு ஆட்டம். நடுவில் சொந்த வேலையாக எங்கே போனாலும் கேட்பாரில்லை. சோம்பேறிக்கு வாழைப்பழம் தோலோடு என்பார்களே, எனக்கு உரித்தே கொடுத்திருந்தார்கள்.

ஐம்பத்து நான்கில் ஆட்சி கைமாறியது. சென்னைப் பக்கத்திலிருந்து எங்களுக்குப் புது அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்களுக்குப் பிரெஞ்சும் தெரியுது, இங்கிலீஷும் ஓரளவு வருது. பெரிய ஆபீசுல தலைமை எழுத்தரா உங்களைப் போடலாம்னு இருக்கேன். மெட்ராசுக்குப் போய் கொஞ்ச மாசம் வேலை பழகிட்டு வந்துடுங்க."

வேறு எவனாக இருந்தாலும் காலில் விழுந்திருப்பான். நானோ என் பாயை நினைத்துக்கொண்டேன். பெரிய அலுவலகத்தில் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை நாற்காலிதான். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தப்பு எழுதினால் என்னைவிடச் சின்னவன் திருத்துவான். இதெல்லாம் எனக்கெதற்கு?

"சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லீங்க ஐயா. மூச்சு இரைக்கும். தனியா விட்டுட்டுப் போவ முடியாது" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வார்த்தை!

என் மனைவி விசாலாட்சிக்கு ஒரு தலைவலி வந்து நான் பார்த்ததில்லை. முதலியார்பேட்டையிலிருந்து நகரத்துப் பெண்கள் பள்ளிக்கு நாள்தோறும் நடந்தே போய்ப் பாடம் சொல்லித் தந்துவிட்டு நடந்தே வருகிறவள். ப்ரெவே என்ற பிரெஞ்சுப் பரீட்சையில் தேறியவள். அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? "பாவம், நல்லா பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்.

அன்று சோறு போடும்போதே விசாலாட்சி கேட்டாள். "என்னங்க, அதிகாரி உங்களைக் கூப்பிட்டாராமே? பியூன் பொண்டாட்டி சொன்னா."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன்… சொல்ல வாய் வரவில்லை. "பெரிய ஆபீசுல ஒரு இடம் இருக்குதாம். என்னைப் போடலாமான்னு யோசிக்கிறாங்க" என்றேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். எங்கிருந்தோ ஆங்கிலப் பாடப்புத்தகம் வாங்கி வந்து, "மதியம் பள்ளிக்கூடமும் மூடித்தானே இருக்குது, கொஞ்ச நேரம் சேந்து படிக்கலாமே" என்றாள். தலை வலிக்கிறது என்று நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மாலையில் பள்ளி விட்டு வந்தபின் அவள் தனியாக உட்கார்ந்து படித்தாள், எனக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக.

அடுத்த வருடம் அவளுக்கு அழைப்பு வந்தது. காரைக்காலில் பெண்களுக்குப் புதிதாக ஒரு பள்ளி தொடங்குகிறார்களாம். தலைமை ஆசிரியையாக வர முடியுமா என்று கேட்டார்களாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து, தனக்கென்று ஒரு பள்ளி இருந்தால் எப்படி நடத்துவேன் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தவள் அவள்.

"காரைக்கால்லயும் துறைமுகம் இருக்குது. நீங்க மாத்தல் கேட்டா தர மாட்டாங்களா?"

கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். ஆனால் புது ஊர், புது ஆட்கள்… அங்கே யார் என்னை மதியம் தூங்க விடுவார்கள்?

"இந்த நேரத்துலயா? இன்னைக்கோ நாளைக்கோன்னு எனக்கு உத்தரவு வரப்போகுது. இப்பப் போயி ஊரைவிட்டுக் கிளம்பினா அதுவும் போச்சு" என்றேன்.

அப்போதுதான் அவள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். பிறகு, "உங்க உத்தியோகம்தாங்க முக்கியம். பள்ளிக்கூடம் எங்க ஓடிடப் போவுது" என்றாள். மறுநாள் போய் மறுத்துவிட்டு வந்தாள். அவளோடு ப்ரெவே படித்த தோழி ஸ்தெல்லா அந்தப் பதவிக்குப் போனாள்.

சொல்லுங்கள், அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அந்தச் சோற்றையே தின்றுகொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து, அந்த இடத்தை யாரோ மெட்ராஸ்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள், எனக்காக! "உங்க அருமை அவங்களுக்குத் தெரியல, விடுங்க" என்று தட்டில் இன்னொரு துண்டு வஞ்சிரம் வைத்தாள். தின்றேன். தின்றுவிட்டுத் தூங்கவும் தூங்கினேன். வெட்கங்கெட்டவன் நான்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் அதிகாரி எங்களுக்கு எதிரே வந்து நின்றார்.

"உடம்பு இப்ப எப்படிம்மா இருக்கு? மூச்சிரைப்பு குறைஞ்சுதா?" என்று விசாலாட்சியைக் கேட்டார். அவள் விளங்காமல் பார்த்தாள். அவரே சொன்னார்: "தலைமை எழுத்தர் வேலையை இவருக்குத்தான் கொடுத்தேன். உங்களைத் தனியா விட்டுட்டு மெட்ராஸ் போக மாட்டேன்னு வேணாம்னுட்டாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு புருஷன் யாருக்கு அமையும்?"

அவள் என் பக்கம் ஒருமுறை திரும்பினாள். கோபம் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பேன். எல்லாவற்றையும் அந்த ஒரு நொடியில் அவள் கூட்டிப் பார்த்துவிட்டாள் என்பது மட்டுமே தெரிந்தது.

"இப்ப தேவலைங்க ஐயா" என்றாள் அவரிடம்.

வீட்டுக்கு நடக்கும்போது காத்திருந்தேன்… கேட்பாள், திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள். நானும் அழுதுவிடலாம் என்றிருந்தேன். வாசலில் பூட்டைத் திறந்துகொண்டே, "ராத்திரிக்கு மோர் மட்டும்தான் இருக்குது, போதுமா?" என்றாள். போதும் என்றேன். அவ்வளவுதான். அன்றும் கேட்கவில்லை, அதன்பின் இத்தனை வருடங்களிலும் கேட்கவில்லை. அவள் கேட்காததையே சாக்காக வைத்து நானும் சொல்லவில்லை.

அந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துப் பெண் யாருக்கோ கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதும் நின்றது. எனக்குச் சோறு போடுவது மட்டும் நிற்கவில்லை. மதியம் இப்போதும் படுக்கிறேன். தூக்கம் வருவதில்லை. வருவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

போன மாதம் ஸ்தெல்லா காரைக்காலிலிருந்து வந்திருந்தாள். அவள் பள்ளியில் இப்போது மாடி கட்டியிருக்கிறார்களாம். பிள்ளைகளுக்கு உட்கார இடம் போதவில்லையாம். விசாலாட்சி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். எந்த வகுப்புக்கு யார் ஆசிரியை, தையல் உண்டா, பெண்கள் மரத்தடியில் சாப்பிடுகிறார்களா என்றெல்லாம்.

"நியாயமா அது உன் பள்ளிக்கூடம்டி. அன்னைக்கு ஏன் வர மாட்டேன்னுட்ட?" என்றாள் ஸ்தெல்லா.

விசாலாட்சி அவளுக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கு அப்ப உடம்பு சரியில்லடி. மூச்சு இரைக்கும்" என்றாள்.

ஸ்தெல்லா என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியவே தெரியாதே! அப்படியா அண்ணே?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை… விசாலாட்சி தலை நிமிரவில்லை, ஆனால் ஆற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"ஆமாம்மா, ரொம்பக் கஷ்டப்பட்டா" என்றேன்.