முத்துப்பேச்சி கார் பார்த்த கதை

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் முத்துப்பேச்சியிடம் குரலை உயர்த்திப் பேசியவர்கள் இரண்டே பேர். ஒருவர் இப்போது பழனியில் தேங்காய் விற்கிறார். இன்னொருவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்ட கருப்பணன். அவர் உயர்த்தியதற்கும் தைரியம் காரணமில்லை. இடது காது மந்தம். தன் குரல் எந்த உயரத்தில் போகிறது என்று அவருக்கே தெரியாது.

தாடிக்கொம்புப் பக்கத்துத் தோட்டங்களில் பத்து வயதில் மொட்டுப் பறிக்க இறங்கியவள் முத்துப்பேச்சி. முப்பது வருஷம் கழித்து, அதே தோட்டங்களில் நாற்பது வீட்டுப் பூவை மொத்தமாக எடுத்து வெளியூர் அனுப்பிக்கொண்டிருந்தாள். கமிஷன் கடைப் பலகையில் மட்டும் கருப்பணன் பெயர் இருந்தது. வெள்ளை வேட்டியும் சரிகைத் துண்டுமாகப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் காபிக்குக் கூப்பிடுவது அவர் பொறுப்பு. அதில் அவர் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் அவளுக்குத் தூக்கம் போனது. காரணம் மல்லிகை.

மல்லிகை திமிர் பிடித்த பூ. விடிந்ததும் மொட்டாகப் பறித்தால் பொழுது சாயும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அதற்கு விதி. ஆனால் வெயில் பட்டாலோ சூடு தட்டினாலோ அது எந்த விதியையும் மதிக்காது, நடுப்பகலிலேயே விரிந்துவிடும். விரிந்த பூவைக் கல்யாண வீட்டுக்காரன் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டான். திருச்சிக்கு அறுபது மைல். அந்த அறுபது மைலையும் பஸ், சம்பந்தி வீட்டுக்கு வந்த விருந்தாளி போலக் கடந்தது. வடமதுரையில் டீ, அய்யலூரில் கண்டக்டரின் மச்சினர் வீட்டில் மோர், மணப்பாறை ரயில்வே கேட்டில் ஒரு குட்டித் தூக்கம். கூரைமேல் வெயிலில் கிடந்த பூ திருச்சியில் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு இறங்கியது.

திருச்சி மொத்த வியாபாரி ஒரு கார்டு போட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை விரிந்த பூ வந்தாலும் வைகாசி முகூர்த்தங்களுக்கு வேறு ஊர்ப் பூவைப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார். முதல் முகூர்த்தத்துக்கு எட்டு நாள் இருந்தது. நாற்பது வீட்டுப் பூவும் குப்பைக்குப் போகும். அடுத்த வருஷம் அந்த நாற்பது வீடும் வேறு கமிஷன் கடைக்குப் போகும்.

கருப்பணன் கார்டை வாசித்துக் காட்டிவிட்டு, "எழுத்து முத்து முத்தா இருக்கு புள்ள" என்றார்.

பஸ்ஸை நம்பிப் பயனில்லை, சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று முத்துப்பேச்சி முடிவு கட்டினாள். புது வண்டிக்குப் பெயர் பதிந்தால் பேரன் காலத்தில் கிடைக்கும். அப்போதுதான், சவரக் கடையில் காதில் விழுந்த ஒரு சேதியைக் கருப்பணன் கொண்டுவந்தார். பேகம்பூரில் ஒரு தோல் வியாபாரி காலமாகிவிட்டார். அவருடைய அமெரிக்கக் கார் விலைக்கு வருகிறது. மணிக்கு நூறு மைல் போகுமாம். சொல்லும்போதே அவர் காரின் பின்சீட்டில் சாய்ந்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

"நூறு மைலு நமக்கு எதுக்கு? அறுபது மைலு நிக்காமப் போகுமா, அதச் சொல்லு" என்றாள் முத்துப்பேச்சி.

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பேகம்பூர் வீட்டு வாசலில் கார் குளித்துவிட்டு நின்றது. பாசிப் பச்சை நிறம், கோயில் யானை அகலம். அதன் பெயரைச் சொல்லப் போனால் டிரைவர் ஆண்டிச்சாமிக்கே நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் அவர் அதைச் ‘சிக்ஸ் சிலிண்டர்’ என்றே அழைத்தார். பதினோரு வருஷம் அந்த வண்டியை ஓட்டியவர். வண்டி போகிற வீட்டுக்குத் தானும் போகவேண்டும் என்பதால் சட்டைக்குக் கஞ்சி போட்டு, பெண் பார்க்க வருகிறவர்களை வரவேற்கும் அப்பனைப் போல நின்றிருந்தார்.

முத்துப்பேச்சி ரிக்‌ஷாவிலிருந்து நான்கு கூடைகளோடு இறங்கினாள். கூடை நிறைய மொட்டு.

"இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள வண்டிக்குப் பூசையா அக்கா?" என்றார் ஆண்டிச்சாமி.

"வண்டியப் பாப்போம் மொதல்ல."

ஆண்டிச்சாமி ஆரம்பித்தார். கியர் ஸ்டீயரிங்குக்கு அடியிலேயே இருக்கிறது. ரேடியோ திருச்சி நிலையத்தைப் பிடிக்கும், சூடேற மட்டும் செத்த நேரம் ஆகும். சிகரெட் பற்றவைக்கத் தீப்பெட்டி வேண்டாம், இந்தக் குமிழை அமுக்கினால் போதும். சாம்பல் தட்ட நான்கு இடம். கடிகாரம். குளிர் காலத்தில் காலுக்கு வெந்நீர்ச் சூடு வரும்.

"திண்டுக்கல்லுல காலுக்குச் சூடா? எந்தக் கூறுகெட்டவன் கேட்டான்?" என்றாள் முத்துப்பேச்சி.

"அமெரிக்காக்காரன் கேட்டிருக்கான் அக்கா."

கருப்பணன் இதற்குள் நான்கு டயரையும் உதைத்து, ஐந்தாவதாக டிக்கிக்குள் இருந்ததையும் உதைத்து, ஹாரனை அமுக்கி, பின்சீட்டில் உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார். "ஏ புள்ள! மெத்த! மெத்தடீ!" என்றார். தெருவில் மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

பின் ஜன்னல்களில் பித்தளைக் கம்பியில் கனமான பச்சைத் திரைகள் நாடாவால் கட்டித் தொங்கின. வெளியாள் கண்ணில் படாத கோஷா வீட்டுப் பெண்கள் போகிற வண்டி அல்லவா. ஆண்டிச்சாமி அவற்றைக் கூச்சத்தோடு ஒதுக்கினார். "இதக் கண்டுக்கிறாதீங்க. கழட்டி எறிஞ்சுட்டாக் காத்தாட இருக்கும்."

வீட்டுக்காரி பக்ருன்னிசா வாசல் தட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். முத்துப்பேச்சி ஒரு கூடையை அவளிடம் நீட்டினாள்.

"பாயம்மா, இந்தக் கூடைய வீட்டுக்குள்ள நெழல்ல வச்சிருங்க. தண்ணி தெளிக்க வேணாம். நான் வந்து கேக்கும்போது குடுங்க."

"எதுக்கும்மா?"

"நாலு கூடையும் ஒரே செடி வரிசைல பறிச்சது. ஒண்ணு ஒங்ககிட்ட. மூணு வண்டியில. வையம்பட்டி வரைக்கும் போயித் திரும்புனா அறுபது மைலு, திருச்சி போன கணக்கு. எது வாயத் தொறந்திருக்குன்னு பாத்தா வண்டி லச்சணம் தெரிஞ்சிரும்."

பக்ருன்னிசா தட்டியை இன்னும் கொஞ்சம் திறந்தாள். "என் வீட்டுக்காரர் வாங்கயில இதுல ஒரு மெக்கானிக்க ஏத்திப் பாத்தாரு. நீங்க மல்லியப்பூவ ஏத்துறீங்க. நடத்துங்க."

ஒரு கூடை டிக்கிக்குப் போனது. ஒன்று பின்சீட்டில், ஒன்று காலடியில் தரையில். முத்துப்பேச்சி கூடைகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டாள். கருப்பணன் முன்சீட்டுக்குத் தள்ளப்பட்டார். அதுவும் மெத்தைதான் என்று அவரே தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வடமதுரை தாண்டியதும் ஆண்டிச்சாமி வண்டியை அவிழ்த்துவிட்டார். முள் அறுபதைத் தொட்டது, எழுபதைத் தொட்டது. கருப்பணனின் சரிகைத் துண்டு ஜன்னல் வழியே வெளியே போய்விட்டது. ஒரு வெள்ளாட்டின் மேல் விழுந்ததாக ஆண்டிச்சாமி கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். துண்டுக்காக நிறுத்தச் சொல்லிக் கருப்பணன் கத்தினார். நிறுத்த வேண்டாம் என்று பின்னாலிருந்து உத்தரவு வந்தது. அதற்குமேல் அவர் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த கருப்பசாமிகளின் பெயரை எல்லாம் ஊர் வாரியாகச் சொல்லத் தொடங்கினார்.

முத்துப்பேச்சி சாலையைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்க்கவில்லை. மொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணிக்குள் வையம்பட்டி வந்துவிட்டது. ஆண்டிச்சாமி பெருமையோடு இறங்கிக் கதவைத் திறந்தார். ரேடியேட்டர்கூடக் கொதிக்கவில்லை. முத்துப்பேச்சி நேரே பின்னால் போய் டிக்கியைத் திறக்கச் சொன்னாள். உள்ளேயிருந்து ஆப்பச் சட்டி மூடியைத் திறந்ததுபோல் ஆவி அடித்தது. கூடையில் பாதிப் பூ சிரித்துக்கொண்டிருந்தது. கீழே கை வைத்துப் பார்த்தாள். சைலன்சர் குழாய் டிக்கிக்கு நேர் அடியில் ஓடியது. காலடிக் கூடையில் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அடியில் கிடந்த மொட்டுகள் உதடு பிரிந்திருந்தன. சீட்டிலிருந்த கூடையில் அவள் பக்கம் நன்றாக இருந்தது. வெயில் விழுந்த ஜன்னல் பக்கம் மட்டும் ஒரு கைப்பிடி விரிந்திருந்தது.

மூன்றையும் தரையில் வரிசையாக வைத்துவிட்டு அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். எட்டு நாளில் ஒரு நாள் இதோடு தீர்ந்தது. திருச்சிக்குப் போகும் பஸ் ஒன்று, கூரைமேல் யாருடைய பூவோ கிடக்க, புழுதி கிளப்பிக்கொண்டு அவர்களைக் கடந்து போனது.

"வேகம் இருக்கு. ஆனா அடுப்பத் தூக்கிட்டுல ஓடுது ஒங்க வண்டி" என்றாள்.

"அக்கா, கலெக்டர் ஏறிருக்காரு இதுல. ஒரு வார்த்த சொல்லல."

"அவரு என்ன மொட்டா?"

ஆண்டிச்சாமிக்கு முகம் விழுந்துவிட்டது. கஞ்சி போட்ட சட்டையும் கூடவே தளர்ந்தது. அடுத்த நாள் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு டூரிங் டாக்கீஸ்காரர் பார்க்க வருவதாக இருந்தார். அவரிடம் ஏற்கெனவே இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள்.

கருப்பணன் வண்டியை விடத் தயாராக இல்லை. "பூவு கெடக்கட்டும் புள்ள. மெத்தயப் பாரு, சும்மா..."

"செத்த பேசாம இருய்யா." அவள் பார்வை பின் ஜன்னலில் நின்றது. வெயில் விழுந்த இடத்துக்கும் திரை தொங்கிய இடத்துக்கும் நடுவில் போய் வந்தது. "அண்ணே, அந்த நாடாவ அவுத்துவிடுங்க."

"எதுக்கு? கோஷாப் பொம்பளைக..."

"மல்லியப்பூவும் கோஷாதான். அவுத்துவிடுங்க."

மூன்று பக்கமும் திரை இறங்கியது. அவள் சாலையோரக் கிணற்றில் ஒரு வாளி நீர் இறைத்துத் திரைகளின் மேல் தெளித்தாள். விரிந்ததை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, மூடியிருந்த மொட்டுகளை ஒரே கூடையாக்கிச் சீட்டின் மேல் வைத்தாள். "இப்ப வந்தமாதிரியே ஓட்டுங்க. கொறைக்கக் கூடாது" என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

திரும்பும்போது ஒன்று நடந்தது. எதிரே வந்த மாட்டு வண்டிகள், திரை போட்ட காரைப் பார்த்ததும் ஓரத்துக்கு இறங்கின. அய்யலூர் சந்தைக் கூட்டம் தானாகவே வழிவிட்டது. ஒரு போலீஸ்காரர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். கருப்பணன் அவருக்கு முன்சீட்டிலிருந்து கும்பிடு போட்டார்.

பேகம்பூர் வாசலில் முத்துப்பேச்சி கூடையைத் தெருவில் கொட்டாத குறையாகக் கிளறிப் பார்த்தாள். வையம்பட்டியில் மூடியிருந்தது மூடியே இருந்தது. உள்ளே வைத்த கூடையைக் கேட்டாள். பக்ருன்னிசா கொண்டுவந்த கூடை பாதியாகக் குறைந்திருந்தது.

"மருமவளுக்கு ரெண்டு மொழம் கட்டிட்டேம்மா. பூவப் பாத்தாக் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"கட்டுனதுல விரிஞ்சது இருந்துச்சா?"

"ஒண்ணு இல்ல."

இரண்டு பெண்களும் தட்டியோரம் குந்தி, இரண்டு கூடை மொட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். வித்தியாசம் தெரியவில்லை. கார் பார்க்க வந்தவரும் காட்ட வந்தவரும் தெருவில் சும்மா நின்றார்கள்.

"எடுத்துக்கிறேன் பாயம்மா. பின்சீட்டு மட்டும் வேணாம், அத நீங்களே வச்சுக்கங்க. அந்த எடத்துல காலு அறுத்த கயித்துக் கட்டில் ஒண்ண நனைச்சுப் போடணும், அடிச்சூடு ஏறாம இருக்கும்."

கருப்பணனிடமிருந்து ஒரு முனகல் வந்தது.

"சீட்டு இருக்கட்டும். ஆனா திரையத் தரமாட்டேன்" என்றாள் பக்ருன்னிசா.

முத்துப்பேச்சி நிமிர்ந்தாள். "திரைதான பாயம்மா வண்டியே."

"யோசிச்சுப் பாருங்க. அந்தத் திரையப் பாத்தா எங்க வீட்டுப் பொம்பளைக போறாங்கன்னு ஊரே ஒதுங்கும். உள்ள பாத்தாப் பூக்கூட. நாளைக்கு என்னய என்ன சொல்லுவாக?"

"ஒதுங்குனாக. நான் பாத்தேன். அய்யலூர்ச் சந்தையில மட்டும் பத்து நிமிசம் மிச்சம்." முத்துப்பேச்சி குரலைத் தாழ்த்தினாள். கருப்பணன் வாழ்க்கையில் கேட்டறியாத குரல் அது. "பாயம்மா, ஏழு நாள்ல எம் பூ மூடுன வாயோட திருச்சியில எறங்கணும். இல்லன்னா நாப்பது வீட்டுக்காரங்க எங்கிட்ட வாயத் தொறப்பாங்க. ஒங்களுக்குச் சங்கட்டமா இருந்தா வேற துணி தச்சுக்கிறேன். பச்சைக்குப் பதிலா மஞ்சளு."

பக்ருன்னிசா கொஞ்ச நேரம் மொட்டுகளைக் கையில் அளைந்தாள்.

"மஞ்சள்னா யாரு ஒதுங்குவா?" என்றாள் கடைசியில். "பச்சையவே வச்சுக்கங்க. கேட்டா, உள்ள இருக்கிறதும் பொம்பளைகதான்னு சொல்லிக்கிறேன். வாரத்துக்கு ரெண்டு நாளு மருமவளுக்குப் பூ வந்துரணும்."

"தெனமும் வரும்."

ஆண்டிச்சாமி தொண்டையைக் கனைத்தார். தானும் வண்டியோடு வருவதாகவும், ஆனால் கூடை தூக்கும் வழக்கம் தனக்கு இல்லை என்றும் தெரிவித்தார். பேசிக்கொண்டே, தெருவில் கிடந்த இரண்டு வெறுங்கூடைகளையும் எடுத்து டிக்கியில் வைத்தார்.

முதல் முகூர்த்தத்தன்று ஏழரை மணிக்குத் திண்டுக்கல்லை விட்ட கார் ஒன்பதரைக்குள் திருச்சி பூ மார்க்கெட் வாசலில் நின்றது. சுமைகாரர்கள் திரையைப் பார்த்துத் தலைத்துண்டை இறக்கிக்கொண்டு விலகினார்கள். வியாபாரி ஏதோ பெரிய வீட்டுப் பெண்மணி என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்தார். கதவு திறந்தது. கட்டில் கொள்ளாமல் கூடைகள். முன்சீட்டில் மடியில் ஒரு கூடையோடு முத்துப்பேச்சி.

வியாபாரி ஒரு கூடையில் முழங்கைவரை விட்டுக் கிளறினார். இன்னொன்றில் கிளறினார். ஐந்தாவது கூடையில் ஒரு விரிந்த பூ கிடைத்தது. அதை எடுத்து நீட்டினார்.

"அது ஒங்க கைச்சூடு" என்றாள் முத்துப்பேச்சி.

அவர் பூவைக் கீழே போட்டார். "நாளைக்கு எத்தன கூடை வரும்?"

கருப்பணன் ஒரு மணி பஸ்ஸில் வந்து சேர்ந்தார். காரில் அவருக்கு இடமில்லை. புதுத் துண்டு போட்டிருந்தார். வழியில் அய்யலூரில் மோர் குடித்ததாகவும் சொன்னார். திரும்பும்போது வெறுங்கூடைகளைக் கூரையில் கட்டியபின் கட்டில் காலியாக இருந்தது. அதில் ஏறிக் கால் நீட்டிச் சாய்ந்தார். வண்டி புறப்பட்டது. திருச்சி வீதி இரண்டு பக்கமும் மரியாதையாக ஒதுங்குவது கேட்டது. அவர் ஆசையோடு திரையை விலக்கித் துண்டோடு தலையை வெளியே நீட்டினார்.

"திரைய இழுத்து மூடுய்யா!" என்றாள் முன்சீட்டிலிருந்து முத்துப்பேச்சி. "கட்டில் கயிறு காஞ்சு போகும்."