கோட்டுக்கு இந்தப் பக்கம்

என் மகள் மாலதியின் செருப்பில் ஒன்று மாடிப்படியிலேயே கழன்று கிடந்தது. அது தெரியாமல் மூன்றாம் மாடிவரை ஏறி வந்திருந்தாள். நாற்பத்திரண்டு படிகள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மழைக்காலம். அவளுக்கு வயது பதினேழு. மறுநாள் மாலைக்குள் இரண்டு கால்களும் அசையவில்லை.

டாக்டர் சொன்ன பெயர் டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் (தண்டுவட அழற்சி). சிலருக்குக் கால் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார். நாற்பத்தொரு நாள் மருத்துவமனையில் இருந்தோம். கால்கள் திரும்பவில்லை.

உணர்விழந்த உடலில் படுக்கைப்புண் (தொடர் அழுத்தத்தால் சதை அழுகுவது) வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். எண்ணுவது பழகிய வேலை. ஒரு புண்கூட வரவில்லை. இதைப் படிக்கும் நீங்களும் யாரையாவது புரட்டிக்கொண்டிருக்கலாம். எண்ணுங்கள். எங்கே நிறுத்துவது என்றுதான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து, எங்கள் குடியிருப்பு மைதானத்தில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து தொடங்கினார்கள். கற்றுத்தர ஜப்பானிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். பயிற்சியாளர் ஹருகோவும் நாற்காலியில் இருப்பவர். மாலதியும் சேர்ந்தாள். நடக்க முடிந்த பெண்களும் நாற்காலியில் உட்கார்ந்தே ஆடினார்கள். முதல் மூன்று நாள் ஹருகோ பந்தையே தரவில்லை. விழுந்து எழக் கற்றுத்தந்தார்.

மாலதி விழும்போதெல்லாம் நான் ஓடிப்போய்த் தூக்கினேன். ஒன்பதாவது முறை விசில் ஊதினார் ஹருகோ. ஆடாதவர் கோட்டுக்குள் வந்தால் பந்து எதிரணிக்கு என்று சட்டம் போட்டார்.

"காகா, பாஹேர் தாம்பா!" (மாமா, வெளியே நில்லுங்கள்) என்று மராத்தியில் கத்தினாள் அவள் தோழி சுனந்தா.

பதிலுக்கு இங்கிருந்து நால்வர் மூன்று வாரம் ஜப்பான் போக வேண்டும். வீட்டார் துணைக்கு வரக்கூடாது. மாலதியைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை.

"அங்க விழுந்தா யாரு தூக்குவா?"

"நீங்கதான் தூக்கணும்னு எங்கயாச்சும் நேந்துக்கிட்டீங்களா, அப்பா?"

விருந்தினர் ஊர் திரும்புமுன் கடைசி ஆட்டம். பதினெட்டுக்குப் பதினெட்டு. இரண்டு நாற்காலிகள் மோதின. மாலதி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். என் வலது கால் கோட்டைத் தொட்டுவிட்டது. அங்கேயே நின்று எண்ணினேன். அவள் ஒரு கையைத் தரையில் ஊன்றினாள், வழுக்கியது. மறுபடி ஊன்றி, இடுப்பு வாரோடு நாற்காலியையும் சேர்த்து நிமிர்ந்தாள்.

"எத்தனைப்பா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"பதினாறு."

"பஸ்! (போதும்) அடுத்த தடவ பத்து."

நான்கு புள்ளியில் தோற்றோம். வீட்டில் என் மனைவி அவள் உடம்பு முழுக்கப் பார்த்தாள். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டேன்.

மாலதி ஜப்பான் போன பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என் உடம்பு தானாக எழுந்து நின்றது. புரட்ட ஆளில்லை. பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, சரியாகச் சொல்ல முடியவில்லை, மதியம் படுத்தவன் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அடியிலிருந்த கை மரத்திருந்தது. புரண்டு படுத்தேன்.