அட்டையோடு நின்றவள்

வெளியூரில் ஒரு சிறுமியைக் கொன்றதாகப் பிடிபட்டவனைப் போலீசார் சுட்டுக் கொன்ற மறுநாள், ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். என் மனைவி மட்டும், ‘விசாரிக்காமல் கொல்வது நீதியல்ல’ என்று அட்டையில் எழுதி எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய்த் தனியாக நின்றாள்.

போன் வந்து நான் ஓடியபோது அவளைச் சுற்றிக் கூட்டம். “உன் பொண்ணா இருந்தா இப்படி நிப்பியா?” என்று ஒருவர் கத்தினார்.

“என் பொண்ணா இருந்தாலும் கோர்ட்டுக்குத்தான் போவேங்க” என்றாள். யாரோ அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார்கள்.

அங்கு வந்த இன்ஸ்பெக்டர் என்னைத் தனியே அழைத்தார். “மேடம் செய்றது தப்புன்னு சொல்லல சார். யாராவது கை வெச்சுட்டா எங்களுக்குத்தான் தலைவலி. கூட்டிட்டுப் போயிடுங்க.”

அது அவள் காதில் விழுந்தது. “அடிக்க வர்றவங்கள விட்டுட்டு என்னை ஏன் சார் போகச் சொல்றீங்க?” என்று கேட்டாள். அவர் ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

அவளிடம் கணக்கு டியூஷன் படித்த பிள்ளைகள் அந்த வாரமே நின்றுவிட்டார்கள். சில மாதங்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். ஆனால் அவள் மாறிப்போயிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்றார்கள். அவள் எழுந்து பேசுவாள் என்று காத்திருந்தேன். “சொல்லேன்” என்றேன் மெதுவாக.

“வேணாங்க. இவங்களோடதானே இருந்தாகணும்.”

நானே எழுந்து பேசினேன். அவளுக்கு வருகிற தெளிவு எனக்கு வரவில்லை. தீர்மானம் அப்படியே நிறைவேறியது.